பிள்ளை ஓடியாட மாட்டேங்குதா? 3-5 வயசு குழந்தை வெச்சிருக்கவங்க எதுல ஆரம்பிக்கணும்

என் பொண்ணுக்கு நாலு வயசு ஆரம்பிச்ச புதுசுல அவ டீச்சர் கூப்பிட்டு, "மத்த பிள்ளைங்க எல்லாம் ஓடுது, இவ மட்டும் ஓரமா உக்காந்திருக்கா, கொஞ்சம் சோம்பேறியா இருக்கா பாருங்க"ன்னு சொன்னாங்க. அன்னிலேர்ந்து நாலு மாசம் நான் பண்ணினது எல்லாமே தலைகீழ். முதல்ல டான்ஸ் கிளாஸ்ல சேத்தேன், அழுதா. அப்புறம் ஜிம்னாஸ்டிக்ஸ், அதுக்கும் மொத்த பீஸையும் முன்னாடியே கட்டிட்டு மூணாவது நாளே நின்னாச்சு, அப்புறம் ஒரு சைக்கிள் வாங்கினோம், அது மூலைல நின்னுச்சு. கடைசில பாத்தா பிரச்சனை பிள்ளைகிட்ட இல்லவே இல்ல. அவ போட்டுட்டுப் போன ஷூ, அவ ஸ்கூல்ல சறுக்கு மரத்துக்கு நிக்கிற வரிசை, நாங்க வெளில கூட்டிட்டுப் போகாத சாயங்காலம், இதெல்லாம் சேந்துதான் அவள உக்கார வெச்சிருந்துச்சு.

இந்த வயசுல ஒரு பிள்ளை எவ்ளோ ஓடும்ங்கறத பெரும்பாலும் அதச் சுத்தி இருக்கறதுதான் தீர்மானிக்குது. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி எது தடுக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நான் பண்ண வேண்டியிருந்த வரிசைல எழுதுறேன், இதே வரிசைல போங்க, நடுவுல தாவாதீங்க.

1. எவ்ளோ வேணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

உலக சுகாதார நிறுவனம் 2019-ல 5 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. அதுல 3, 4 வயசுப் பிள்ளைங்களுக்கு சொல்றது இதுதான்: ஒரு நாளைக்கு குறைஞ்சது 180 நிமிஷம் ஏதாவது ஒரு அசைவு, அந்த 180-குள்ளயே குறைஞ்சது 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு ஓட்டம். ஸ்ட்ரோலர், கார் சீட் மாதிரி கட்டி வெச்ச நிலைல ஒரே மூச்சா 1 மணி நேரத்துக்கு மேல வேணாம். உக்காந்து ஸ்க்ரீன் பாக்குறது 1 மணி நேரத்துக்குள்ள, அதவிட குறைஞ்சா இன்னும் நல்லது. தூக்கம் 10-லேர்ந்து 13 மணி நேரம், மதியத் தூக்கத்தையும் சேத்து.

5 வயசு ஆயிடுச்சுன்னா கணக்கு வேற. 2020-ல வந்த வழிகாட்டுதல்ல 5-லேர்ந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் நல்ல ஓட்டம்னு இருக்கு.

இங்க ரெண்டு இடத்துல எல்லாரும் தடுக்கி விழறாங்க. ஒண்ணு, 180 நிமிஷம்னதும் மூணு மணி நேரம் தொடர்ந்து ஓட வைக்கணுமோன்னு பயந்துடறாங்க. அப்படி இல்ல, வீட்டுக்குள்ள நடக்கறது, நின்னுக்கிட்டே பொம்மைய அடுக்கறது, படி ஏறுறது எல்லாம் கணக்குல வரும், நாள் பூரா சில்லறை சில்லறையா சேந்தா போதும். இன்னொண்ணு, ஓட்டம் கூடணும்னு தூக்கத்த வெட்டுறது. நான் சாயங்காலம் லேட்டா கூட்டிட்டுப் போயி ராத்திரி பத்து மணிக்கு படுக்க வெச்சேன், மறுநாள் காலைல அவ எந்திரிச்சதே அழுகையோட, பகல் முழுக்க மடியிலயே கிடந்தா. தூக்கம் குறைஞ்ச பிள்ளை ஓடாது, தூக்கத்துல கை வைக்காதீங்க.

2. ஏழு நாள் எழுதி வைங்க

"என் பையன் ஒரு நிமிஷம் உக்கார மாட்டான்"னு சொல்ற வீட்லயும் எழுதிப் பாத்தா கணக்கு குறைவாத்தான் வருது. பெத்தவங்க பிள்ளையோட ஓட்டத்த கூட்டித்தான் சொல்லுவாங்க, ஏன்னா அது ஓடுற அஞ்சு நிமிஷம் நம்ம கண்ணுல படுது, உக்காந்திருக்க ஒரு மணி நேரம் படறதில்ல.

ஒரு சின்ன நோட்டு எடுங்க. எந்திரிச்சதுலேர்ந்து தூங்குற வரைக்கும் அரை மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எழுத்து போதும், உக்காந்திருந்தா "உ", நடமாட்டமா இருந்தா "ந", முகம் சிவந்து மூச்சு வாங்கி ஓடினா "ஓ". வெளில இருந்தா பக்கத்துல ஒரு புள்ளி. கூட யார் இருந்தாங்கன்னு ரெண்டு வார்த்தை. அவ்ளோதான்.

இந்த வயசுப் பிள்ளைங்க பெரியவங்க மாதிரி அரை மணி நேரம் தொடர்ந்து ஓடாது. அஞ்சு செகண்ட் ஓடும், நிக்கும், கீழ குனிஞ்சு ஒரு எறும்பப் பாக்கும், திரும்ப ஓடும். அது சோம்பேறித்தனம் இல்ல, அதோட இயல்பே அதுதான். அதனால அரை மணில பாதிக்கு மேல எது நடந்துச்சோ அத எழுதுங்க, துல்லியம் தேவையில்ல.

ஸ்கூல்ல இருக்கற நேரத்துக்கு டைம்டேபிளப் பாத்து எழுதாதீங்க, அத காலியா விட்டுடுங்க, 5-ஆவது படில வரும். லீவு நாள் ரெண்டும் கண்டிப்பா அந்த ஏழு நாளுக்குள்ள இருக்கணும். எங்க வீட்ல அதுதான் அதிர்ச்சி, ஸ்கூல் நாள விட லீவு நாள்லதான் அவ ரொம்ப கம்மியா அசைஞ்சிருந்தா, ஏன்னா அன்னிக்குத்தான் கார்ல ரெண்டு மணி நேரம், யார் வீட்லயோ சோஃபால ரெண்டு மணி நேரம்.

கைல கட்டுற ஸ்டெப் கவுண்டர் வாட்ச் வாங்கலாமான்னு கேக்காதீங்க, வாங்கி வெச்சேன், உக்காந்துக்கிட்டே கைய ஆட்டினாலும் ஏறுது. நோட்டும் பேனாவும் போதும்.

3. டாக்டர ஒரு தடவை பாத்துடுங்க, பேப்பரோட

இத நான் நாலு மாசம் கழிச்சுத்தான் பண்ணேன், நீங்க முதல்லயே பண்ணுங்க. எடுத்துட்டுப் போக வேண்டியது:

- தடுப்பூசி அட்டை, அதுலயே எடை உயரம் குறிக்கிற வளர்ச்சி வரைபடம் இருந்தா ரொம்ப நல்லது. தனியா இருந்தா அதையும்.
- அந்த ஏழு நாள் நோட்டு.
- பிள்ளை ஓடுற, படி ஏறுற, தரைலேர்ந்து எந்திரிக்கிற வீடியோ, ஒவ்வொண்ணும் அரை நிமிஷம். டாக்டர் ரூம்ல பிள்ளை மடிய விட்டு இறங்காது, வீடியோதான் பேசும்.
- பழைய ரத்த டெஸ்ட் ரிப்போர்ட், ஏதாவது மருந்து ஓடிட்டிருந்தா அதோட சீட்டு.

போயி "சோம்பேறியா இருக்கா டாக்டர்"னு சொல்லாதீங்க. என்ன பாத்தீங்களோ அத சொல்லுங்க. ஓடினதும் இருமல் வருதா, மூச்சுல விசில் சத்தம் வருதா. ராத்திரி குறட்டை விடுதா. கால் வலிக்குதுன்னு அடிக்கடி சொல்லுதா. வெளிறிப் போயி சீக்கிரமே களைப்பாகுதா. அடிக்கடி எதுலயாவது முட்டிக்குதா, டிவிக்குப் பக்கத்துல போயி நிக்குதா. ஓடினா இருமல் வர்றது ஆஸ்துமாவா இருக்கலாம், களைப்பு இரும்புச்சத்து குறைவா இருக்கலாம், முட்டிக்கிறது கண் பார்வையா இருக்கலாம். இதெல்லாம் சரி பண்ணக் கூடியதுதான், ஆனா சரி பண்ணாம ஓடு ஓடுன்னா பிள்ளை எப்படி ஓடும்.

தள்ளிப் போடவே கூடாத சில விஷயம் இருக்கு. முன்னாடி செஞ்சிட்டிருந்தத இப்ப செய்ய முடியலன்னா, நொண்டி நடந்தா, தரைலேர்ந்து எந்திரிக்க ரெண்டு கையையும் தொடைல ஊனி ஊனி மேல ஏத்திக்கிட்டு எந்திரிச்சா, இதுல எது இருந்தாலும் நோட்டு எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த வாரமே போங்க. கடைசில சொன்னது பாக்க சாதாரணமா இருக்கும், அது தசை பலவீனத்தோட அறிகுறியா இருக்கலாம்.

வயசுக்கு என்ன வரணும்னு ஒரு அளவு வேணும்னா, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல திருத்தின பட்டியல்ல, ரெண்டரை வயசுல ரெண்டு காலும் தரைய விட்டு எழும்பிக் குதிக்கிறது, 4 வயசுல பெரிய பந்த பெரும்பாலும் பிடிக்கிறது, 5 வயசுல ஒத்தக் கால்ல நொண்டி அடிக்கிறதுன்னு இருக்கு. நாலு பிள்ளைல குறைஞ்சது மூணு பிள்ளை செய்ற வயசத்தான் அதுல போட்டிருக்காங்க. ஒண்ணு வரலன்னா உடனே நோய்னு அர்த்தம் இல்ல, கேக்க வேண்டிய கேள்வின்னு அர்த்தம்.

ஆஸ்துமான்னு சொன்னா அங்கயே ஒரு லெட்டர் வாங்கிக்குங்க, பிள்ளை ஓடலாம், எப்ப இன்ஹேலர் கொடுக்கணும், எத்தன தடவைன்னு. அது இல்லன்னா சில ஸ்கூல்ல பயந்துக்கிட்டு உக்கார வெச்சுடுவாங்க. இதுக்குன்னு இன்னொரு நாள் போறது வீண் அலைச்சல்.

4. எது தடுக்குதுன்னு தேடுங்க

டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, இனி நோட்ட வெச்சுக்கிட்டு தேடணும். இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீங்க.

முதல்ல புள்ளிய எண்ணுங்க, அதாவது வெளில இருந்த நேரம். சின்னப் பிள்ளைங்க ஓட்டத்தப் பத்தின ஆராய்ச்சில திரும்பத் திரும்ப மேல வர்ற விஷயம் இதுதான், வெளில இருக்கற நேரம் கூடினா ஓட்டம் கூடுது. சுவர் இல்ல, உடையிற சாமான் இல்ல, "மெதுவா"ன்னு சொல்ற குரல் இல்ல. எங்க நோட்டுல ஏழு நாள்ல மொத்தமே ஒன்பது புள்ளி. "ஓ" எழுத்து வந்த கட்டத்துல ஒண்ண தவிர எல்லாத்துலயும் புள்ளி இருந்துச்சு. எனக்கு அங்கயே பாதி விடை கிடைச்சுடுச்சு.

அடுத்து, கூட யாருன்னு பாருங்க. பெரியவங்க பெஞ்சுல உக்காந்து போன் பாக்கும்போது ஒரு மாதிரி, கூட ஓடும்போது ஒரு மாதிரி, வித்தியாசம் நோட்டுல பளிச்சுன்னு தெரியும். வேற பிள்ளைங்க இருந்தா இன்னும் நல்லது, அண்ணன் அக்கா பின்னாடி ஓடுறதே ஒரு விளையாட்டு. ஆனா நாலு வயசுப் பிள்ளைக்கு எட்டு வயசுக் கூட்டம் மிரட்டலா இருக்கும், ஓரமா நின்னு வேடிக்கதான் பாக்கும், அதையும் எழுதுங்க.

மூணாவது, உடுப்பும் ஷூவும். இத யாரும் எனக்கு சொல்லல. ஒரு நாள் பார்க்குல இவ ஏணிப்படில ஏறுறத கீழேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பாவாடை முட்டில மாட்டுது, அதனால ஒரு கையால அத தூக்கிப் பிடிச்சிருக்கா, மிச்சம் ஒரு கைதான் ஏணியப் பிடிக்க. ஷூ அடி வழவழப்பு, அதுவும் "வளர்ற பிள்ளை"ன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கினது, குதிகால் வெளில கழண்டு வருது. மூணாவது படில நின்னு யோசிச்சா, இறங்கி வந்துட்டா, வந்து என் பக்கத்துல உக்காந்துட்டா. டீச்சர் கண்ணுக்கு அதுதான் சோம்பேறித்தனம். மறுநாள் டிராயரும், காலுக்குப் பொருந்துற வளையிற ஷூவும் போட்டு விட்டேன். அதே ஏணில பதினோரு தடவை ஏறினா, எண்ணினேன்.

பொம்பளப் பிள்ளைங்க பெத்தவங்களுக்கு இங்க ஒரு வார்த்தை. ஆம்பளப் பிள்ளைங்க ஓட்டம் கூடுதலா இருக்கறதா பல ஆராய்ச்சில வந்திருக்கு, அத "இயற்கை"ன்னு விட்டுடாதீங்க. அழுக்காக்கக் கூடாத உடுப்பப் போட்டு, "பாத்து"ன்னு பத்து தடவ சொல்லி, பந்துக்குப் பதிலா கலர் பென்சில கைல கொடுக்கறது நாமதான்.

நாலாவது, வீட்ல என்ன கைக்கு எட்டுதுன்னு பாருங்க. பந்து அலமாரி மேல, டேப்லெட் சோஃபா மேலன்னா பிள்ளை எத எடுக்கும். ஸ்க்ரீன் கணக்க தனியா கூட்டுங்க, சாப்பிடும்போது ஓடுறதையும் கார்ல பாக்குறதையும் சேத்து.

அஞ்சாவது சுபாவம். சில பிள்ளை புது இடத்துல இருபது நிமிஷம் பாத்துக்கிட்டு நின்னுட்டுத்தான் இறங்கும். என் பொண்ணு அந்த ரகம். நாங்க அரை மணில கிளம்பிடுவோம், அவ இடத்துக்குப் பழகுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவோம். இது புரிஞ்சதும் தினமும் ஒரே இடத்துக்குப் போக ஆரம்பிச்சோம், புது புது இடமா தேடுறத நிறுத்தினோம், ஒரு வாரத்துல அந்த இருபது நிமிஷம் அஞ்சு நிமிஷமாச்சு.

இதுல உங்க வீட்ல எது பெருசா நிக்குதோ அதுல ரெண்டே ரெண்டு எடுத்துக்கோங்க. அஞ்சையும் ஒரே வாரத்துல மாத்தப் போனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது, நீங்களும் களைச்சுடுவீங்க.

5. ஸ்கூல்ல பேசுங்க, ஆனா கேள்விய எழுதிட்டுப் போங்க

பகல்ல பெரும்பகுதி பிள்ளை அங்கதான் இருக்கு. ஒரே வயசுப் பிள்ளைங்க எவ்ளோ ஓடுதுங்கறது எந்த ப்ரீஸ்கூல்ங்கறத வெச்சே நல்லா மாறுது, இது ஆராய்ச்சில உறுதியா வந்த விஷயம். அதனால வீட்ல மட்டும் மாத்தினா பாதிதான் வேலை.

டைம்டேபிள்ல "வெளி விளையாட்டு 30 நிமிஷம்"னு இருக்கும். அத அப்படியே நம்பாதீங்க. நான் ஒரு நாள் பர்மிஷன் வாங்கி ஓரமா நின்னு பாத்தேன். ஷூ மாட்டி வரிசைல நிக்க வெச்சு வெளில கூட்டிட்டு வர்றதுக்கே எட்டு நிமிஷம். திரும்ப உள்ள போயி கை கழுவுறதுக்கு அஞ்சு நிமிஷம். மிச்சம் பதினேழு. அந்தப் பதினேழுல இருபது பிள்ளைக்கு ஒரு சறுக்கு மரம், ரெண்டு ஊஞ்சல். என் பொண்ணு வரிசைல நின்னா, முன்னாடி ஒருத்தன் நுழைஞ்சான், திரும்ப நின்னா, ரெண்டு தடவ சறுக்கினா, மணி அடிச்சுடுச்சு. அவங்கமேல எனக்குக் கோவம் இல்ல, இருபது பிள்ளைய ரெண்டு பேர் பாத்துக்கறாங்க, ஆனா அது 30 நிமிஷ ஓட்டம் இல்ல.

எழுதிட்டுப் போக வேண்டிய கேள்வி:

- ஒரு நாளைக்கு எத்தன தடவ வெளில விடறீங்க, மழை வெயில் நாள்ல என்ன பண்றீங்க?
- எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்துலயா, பிரிச்சு பிரிச்சா?
- பந்து, வளையம், கயிறு மாதிரி கைல எடுத்து விளையாடற சாமான் வெளில இருக்கா?
- டீச்சர் கூட விளையாடுவாங்களா, நின்னு பாத்துக்கறாங்களா?
- தொடர்ந்து உக்காந்திருக்கற நேரம் எது அதிகம்?
- தண்டனையா வெளி விளையாட்ட கட் பண்றது உண்டா?

மூணாவது கேள்விதான் எல்லாத்துலயும் சுலபமா மாறும். நிலைல நட்டு வெச்ச பெரிய சாமான விட, கைல எடுத்து ஓடுற சின்ன சாமான் இருந்தா, கூட்டம் குறைவா இருந்தா, காலி இடம் இருந்தா பிள்ளைங்க கூடுதலா ஓடுது. எங்க ஸ்கூல்ல நாங்க நாலு பெத்தவங்க சேந்து பந்து கொண்டு போயி கொடுத்தோம், அடுத்த வாரம் அந்த சறுக்கு மர வரிசையே பாதியாச்சு. பிரிச்சு விடுங்கன்னு கேட்டதுக்கு ஆள் இல்லன்னாங்க, விட்டுட்டோம். கிடைச்சத வாங்கிக்கிட்டு நகருங்க.

பேப்பர் விஷயம்: சேர்க்கை பார்ம்ல உடல்நிலைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல பழைய சளி இருமல எல்லாம் போட்டு நிரப்பி வெச்சிருந்தீங்கன்னா அதப் பாத்தே உள்ள உக்கார வெப்பாங்க. இப்ப சரியாயிடுச்சுன்னா எழுதிக் கொடுத்து மாத்துங்க. மண்ணுல விளையாடலாம், உடுப்பு அழுக்கானா பரவால்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, பல டீச்சருங்க பிள்ளைய அடக்கி வெக்கிறதே பெத்தவங்க சண்டைக்கு வருவாங்கன்னுதான். மாத்து உடுப்பு ஒரு செட் பைல வைங்க. டாக்டர் லெட்டரோட நகல் ஒண்ணு கொடுத்துட்டு ஒண்ணு நீங்க வெச்சுக்கோங்க.

போற நேரம் முக்கியம். காலைல விடும்போதும் சாயங்காலம் கூப்பிடும்போதும் பேசாதீங்க, அப்ப அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நேரம் கேட்டு வாங்கி, பதினஞ்சு நிமிஷத்துல முடிங்க.

6. வீட்ல நேரத்தக் கட்டுங்க

"நேரம் கிடைக்கும்போது"ன்னு வெச்சா நேரம் கிடைக்காது. ஏற்கனவே நடக்கற வேலையோட ஒட்ட வைங்க. ஸ்கூல் விட்டதும் வீட்டுக்குள்ள வராம நேரா வெளில, இதுதான் எங்களுக்கு ஒர்க் ஆன ஒரே வழி. உள்ள வந்து பைய வெச்சு உக்காந்துட்டா அப்புறம் யாரும் எந்திரிக்க மாட்டோம். தண்ணியும் கொறிக்க ஏதாவதும் பைலயே இருக்கணும், பசியோட பிள்ளை ஓடாது.

கணக்கு இப்படி வரும்: ஸ்கூல்ல உண்மையான ஓட்டம் 15 நிமிஷம், சாயங்காலம் வெளில ஒரு மணி நேரம் விட்டா அதுல 30, 35 நிமிஷம் "ஓ" வரும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள பாட்டு போட்டு ஆடறது, மெத்தைல தலையணை தாண்டறது, பலூன கீழ விடாம தட்டறது 10 நிமிஷம். 55, 60 வந்துடும். 180-ல மிச்சம் தானா நிரம்பும், பக்கத்துக் கடைக்கு தூக்கிட்டுப் போகாம நடக்க வெச்சா, லிப்டுக்குப் பதிலா ரெண்டு மாடி ஏறினா. ஸ்ட்ரோலர வீட்ல விட்டுட்டுப் போங்க, 4 வயசுக்கு அது வேணாம், மெதுவாத்தான் நடக்கும், பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புங்க.

வெயில் கடுமையா இருந்தா காலைலயும் பொழுது சாயறப்பவும். படுக்கறதுக்கு முன்னாடி கடைசி ஒரு மணி நேரம் ஓட்டமும் வேணாம் ஸ்க்ரீனும் வேணாம்.

"போய் விளையாடு"ன்னு சொல்லாதீங்க. அதுல ஒண்ணும் இல்ல பிள்ளைக்கு. "அந்த மரத்தத் தொட்டுட்டு வா, நான் எண்றேன்"னு சொல்லுங்க, பறக்கும்.

7. விழுந்துடும்ங்கற பயம்

எங்க வீட்ல பெரிய தடை இதுதான், குறிப்பா பாட்டிக்கு. பயப்படாதீங்கன்னு சொன்னா பயம் போகாது. எதுக்கு பயப்படணும் எதுக்கு வேணாம்னு பிரிச்சு சொன்னப்பதான் அவங்க ஒத்துக்கிட்டாங்க.

பிள்ளை தானா ஏற முடிஞ்ச உயரம்தான் அதோட உயரம், தூக்கி மேல வெக்காதீங்க, தூக்கி வெச்ச பிள்ளைக்கு இறங்கத் தெரியாது. மடில உக்கார வெச்சு சறுக்காதீங்க, பாசமாத்தான் பண்றோம், ஆனா பிள்ளையோட கால் ஓரத்துல மாட்டி நம்ம எடையும் சேந்து முறுக்கிடும், கால் எலும்பு உடையறது இப்படி நடக்குது. கழுத்துல கயிறு தொங்குற சட்ட, துப்பட்டா, மாலை எதுவும் சறுக்கு மரத்துல வேணாம். சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஏணில ஏறக் கூடாது, இடுக்குல மாட்டும். வெயில்ல கிடந்த சறுக்கு மரத்த முதல்ல உங்க கையால தொட்டுப் பாருங்க. கீழ மணலோ ரப்பரோ இருக்கான்னு பாருங்க, சிமெண்ட் தரைன்னா அந்த ஏணி வேணாம். வீட்ல வெச்சு எகிறிக் குதிக்கிற ட்ராம்போலின் வாங்காதீங்க, 6 வயசுக்குக் கீழ எலும்பு முறிவு ஆபத்து அதுல அதிகம்.

இதப் பாத்துக்கிட்டீங்கன்னா முட்டி சிராய்ப்புக்கு ஓடி வரத் தேவையில்ல. பாட்டிகிட்ட வேல ஒண்ணு கொடுத்தோம், ஏணிக்குக் கீழ நின்னு எத்தன தடவை ஏறினான்னு எண்றது. "பாத்து, பாத்து"ங்கறது நின்னு போயி "ஒம்பது, பத்து"ன்னு ஆச்சு.

8. செலவு

காசு போடத் தக்கது ரெண்டுதான்: காலுக்குப் பொருந்துற ஷூ, அப்புறம் ரெண்டு மூணு சைஸ்ல பந்து. ஷூ வாங்கும்போது பிள்ளைய நிக்க வெச்சு அளவு பாருங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ விரல் நுனில இடம் இருக்கான்னு அழுத்திப் பாருங்க, விலை கூடுனது எடுத்து ஒரு வருஷம் ஓட்டறத விட சாதாரணமானத அடிக்கடி மாத்தறது மேல். டாக்டர் பீஸ் ஒரு தடவை. மத்ததெல்லாம் வீட்லயே இருக்கு, அட்டப் பெட்டி, தலையணை, பழைய துணில கட்டின பந்து, தரைல ஒட்டற டேப்.

கிளாஸ் சேக்கணும்னா சேருங்க, தப்பில்ல, ஆனா மூணு விஷயம் பாத்துட்டு. ஒரு நாள் சும்மா உக்கார வைக்க விடறாங்களா, மாசா மாசம் பீஸ் கட்ட முடியுமா, நடுவுல நின்னா மிச்சம் திரும்பக் கிடைக்குமான்னு எழுத்துல இருக்கா. எனக்கு வாய்ல "பாத்துக்கலாம் மேடம்"னு சொன்னாங்க, ரசீதுல பின்னாடி பொடி எழுத்துல திரும்பத் தரமாட்டோம்னு இருந்துச்சு. அப்புறம் கிளாஸ் நேரத்த முழுசா ஓட்டமா கணக்குப் போடாதீங்க, வரிசைல நிக்கறதும் டீச்சர் பேசறதக் கேக்கறதும்தான் அதுல பாதி.

9. எவ்ளோ நாள் ஆகும்

நோட்டு ஒரு வாரம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற நேரத்துல நோட்டு எழுதிடலாம், ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிங்க. ஸ்கூல் பேச்சு மூணாவது வாரத்துல. எங்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சது ஆறாவது வாரம், நடுவுல மூணாவது வாரம் சுத்தமா ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துச்சு, அங்கதான் நெறைய பேர் விட்டுடறாங்க. காய்ச்சல் வந்தா ஒரு வாரம் பின்னால போகும், புதுத் தம்பி தங்கச்சி பொறந்தா, வீடு மாறினா ஒரு மாசமே போகும், அத தோல்வின்னு எடுத்துக்காதீங்க.

எடை குறையணும்னு இத ஆரம்பிக்காதீங்க, பிள்ளை முன்னாடி எடையப் பத்திப் பேசவும் பேசாதீங்க. வளர்ச்சி வரைபடத்துல கோடு எங்க போகுதுன்னு டாக்டர் பாத்துப்பாங்க.

ஆறு வாரம் கழிச்சு திரும்ப ஏழு நாள் எழுதுங்க, அதே எழுத்து, அதே புள்ளி. ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. புள்ளி கூடியும் "ஓ" கூடலன்னா அதே டாக்டர்கிட்ட ரெண்டு நோட்டையும் எடுத்துட்டுத் திரும்பப் போங்க, இந்தத் தடவை மூச்சு, ரத்தம், தசை மூணையும் பாக்கச் சொல்லிக் கேளுங்க. கூடியிருந்தா நோட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, தடுப்பூசி அட்டையோட சேத்து வைங்க. ஸ்கூல் மாறும்போது, மழைக்காலம் வரும்போது கணக்கு திரும்ப விழும், அப்ப முதல் பக்கத்துலேர்ந்து எழுத வேண்டியதில்ல.